களஞ்சியத்தில் ஒரு நாட்டின் கல்வி

ஒரு நாட்டின் கல்வி முறையைப் பற்றிக் களஞ்சியத்திற்குக் கட்டுரை எழுதுவது எளிய செயல்போலத் தோன்றும். அமைச்சு ஒன்று உண்டு. சட்டம் ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி இத்தனை ஆண்டு, இடைநிலைப் பள்ளி இத்தனை ஆண்டு என்னும் கணக்கு உண்டு. தேர்வுகளுக்குப் பெயர் உண்டு. இவற்றை வரிசைப்படுத்தி, இறுதியில் பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் எழுத்தறிவு பெற்றோர் விழுக்காட்டையும் சேர்த்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். பொது அறிவு நூல்களிலும் மாணவர் கையேடுகளிலும் நம் கைக்கு வரும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவையே. அவற்றைப் படித்து முடித்தவருக்கு அந்நாட்டில் கல்விக்கு ஓர் ஏணி உண்டு என்பது தெரியும். அந்த ஏணி யாருடைய நிலத்தில் ஊன்றப்பட்டிருக்கிறது, அதன் முதற்படியில் கால் வைக்கும் பிள்ளை எந்த மொழியைப் பேசிக்கொண்டு வருகிறது என்பன தெரியா. இவ்விரண்டையும் விட்டுவிட்ட கட்டுரை குன்றக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும் என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது.

தமிழர்க்குக் களஞ்சியம் புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல் வந்தது. இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968-இல் வந்தது. அந்த இணைப்புத் தொகுதி ஒன்றே களஞ்சியம் எழுதுவோர்க்குப் பாடமாகும். முதல் தொகுதிக்கும் ஒன்பதாம் தொகுதிக்கும் இடையில் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1956-இல் ரசாக் அறிக்கை. 1957-இல் விடுதலையும் புதிய கல்விச் சட்டமும். 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை. 1961-இல் மீண்டும் ஒரு கல்விச் சட்டம். 1963-இல் மலாயா மலேசியா ஆயிற்று. 1954-இல் மலாயாவின் கல்வியைப் பற்றி எவ்வளவு நுட்பமாக எழுதினாலும், ஒன்பது ஆண்டுகளில் அஃது வரலாறாகிவிடும். அதில் குறையொன்றும் இல்லை. எந்த ஆண்டின் நிலையை எழுதுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே குறை.

முதலில் அண்டை நாடொன்றை எடுத்துக்கொள்வோம். சயாம் என்றதும் தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முதியோர்க்கு நினைவில் வருவது பள்ளிக்கூடமன்று. 1942, 43-ஆம் ஆண்டுகளில் நம்மவர் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டு மாண்ட ரயில் பாதையே. அதனாலோ என்னவோ, அந்நாட்டைப் பற்றிய பிற செய்திகளைத் தமிழில் அறிந்துகொள்ள நாம் பெரிதும் முயன்றதில்லை. அதன் கல்வி முறையைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு முதல் வரியிலேயே ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. அதுவும் நம் மொழியே இட்ட முட்டுக்கட்டை.

1939-இல் சயாம் தன் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிக்கொண்டது. அந்நாட்டின் மொழி 'தாய்' மொழி. நமக்கோ 'தாய்மொழி' என்பது ஈன்றவள் பேசும் மொழி. இரண்டுக்கும் இடையே உள்ளது ஓர் எழுத்தின் இடைவெளி. அச்சுக் கோப்பவர் சற்றே நெருக்கினால் அதுவும் இல்லை. 'தாய்லாந்தில் தாய்மொழி வழியே கல்வி அளிக்கப்படுகிறது' என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். எழுதியவர் கருதியது அந்நாட்டு அரசு மொழியை. படிப்பவர் கொள்வது பிள்ளையின் வீட்டு மொழியை. மயங்க வைத்தல் என்னும் குற்றத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை வகுப்பறையில் நாம் தேடிக் கண்டுபிடித்தல் அரிது.

இது வெறும் எழுத்துப் பிழையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்நாட்டின் கல்வியில் மிகுந்த வழக்குக்குரிய செய்தியையே இப்பிழை மூடி மறைக்கிறது. தென்கோடியிலுள்ள பட்டாணி, யாலா, நராதிவாட் மாநிலங்களில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது பட்டாணி மலாய். வடகிழக்கிலே ஈசான் பகுதியில் பேசப்படுவது லாவோ மொழியோடு நெருங்கிய உறவுடைய பேச்சு. வடக்கு மலைகளில் கரேன் முதலிய பல மொழிகள் வழங்குகின்றன. இப்பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கு வந்ததும் பாங்காக் பேச்சை அடிப்படையாகக் கொண்ட நடுநாட்டு மொழியில் எழுத்தறிவு பெற வேண்டும் என்பதே நெடுங்காலம் அங்கு நிலவிய கொள்கை. தெற்கே பொண்டோக் எனப்படும் சமயப் பள்ளிகள் நிலைத்து நின்றதற்கு, சமயப் பற்றோடு மொழியும் ஒரு காரணம். பின்னர் மஹிடோல் பல்கலைக்கழகத்தார், பட்டாணி மலாய் பேசும் பிள்ளைகட்கு முதலில் அவர்தம் மொழியிலும் படிப்படியாக நாட்டு மொழியிலும் கற்பிக்கும் திட்டம் ஒன்றை நடத்தினர். அதற்கு 2016-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் சேஜோங் மன்னர் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. 'தாய்மொழி வழிக் கல்வி' என்னும் தொடர் இத்திட்டத்திற்கே பொருந்தும். நாடு முழுமைக்கும் பொருந்தாது. ஆகவே தமிழில் எழுதுவோர் அம்மொழியைத் 'தாய்லாந்து மொழி' என்றோ 'சயாமிய மொழி' என்றோ குறித்தல் நலம்.

இரண்டாவது இடர் ஆண்டுக் கணக்கு. அந்நாட்டார் புத்த ஆண்டைக் கையாளுகின்றனர். அதிலிருந்து 543-ஐக் கழித்தால் கிறித்துவ ஆண்டு வரும் என்று பலரும் அறிவர். அறிந்ததை அப்படியே எங்கும் செலுத்துவதால் பிழை நேர்கிறது. 1940 வரை அங்குப் புத்தாண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கிற்று. ஆதலின் அதற்கு முற்பட்ட சனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதச் செய்திகளுக்கு 542-ஐத்தான் கழிக்க வேண்டும். சூளலோங்கோர்ன் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் புத்த ஆண்டு 2459, மார்ச்சு 26. கண்ணை மூடிக்கொண்டு 543-ஐக் கழித்தால் 1916 என வரும். உண்மையான ஆண்டு 1917.

ஏணியின் கணக்கிலும் இப்படியே. 1921-இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1960-ஆம் ஆண்டுத் திட்டப்படி தொடக்கக் கல்வி நான்கும் மூன்றுமாக ஏழு ஆண்டு. 1978 முதல் ஆறு, மூன்று, மூன்று என்னும் அமைப்பு வந்தது. 1999-இல் தேசியக் கல்விச் சட்டம் பன்னிரண்டாண்டு அடிப்படைக் கல்விக்கு வழி செய்தது. பழைய நூலொன்று ஏழு என்றும் புதிய நூலொன்று ஆறு என்றும் சொன்னால் இரண்டும் தத்தம் காலத்திற்குச் சரியே. இரண்டையும் பார்த்துக் குழம்பிய ஒருவர் ஆண்டைக் குறிக்காமல் ஏதேனும் ஒன்றை எடுத்து எழுதினால் அதுவே பிழையாகிறது.

அயலாரைப் பற்றி எழுதுவதில் நேரும் இக்குறைகள் நம்மைப் பற்றி எழுதுவதில் நேரா என்று யாரும் எண்ண வேண்டா. காப்பார் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளை ஒன்றை மனத்திற்கொண்டு, மலேசியக் கல்வி என்னும் தலைப்பில் வழக்கமாக எழுதப்படும் கட்டுரையைப் படித்துப் பாருங்கள். ஆறு ஆண்டு தொடக்கக் கல்வி; படிவம் ஒன்று முதல் ஐந்து வரை இடைநிலைக் கல்வி; அதன்பின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன், இப்படி ஏணி நேராக மேலே செல்லும். தேர்வுகளின் பெயரை எடுத்தால் காலக் குழப்பம் உடனே தலைகாட்டும். எல்.சி.இ. எஸ்.ஆர்.பி. ஆயிற்று, அது 1993-இல் பி.எம்.ஆர். ஆயிற்று, அதுவும் 2014-இல் பி.டி.3-க்கு இடங்கொடுத்தது, அதுவும் 2022-இல் எடுபட்டது. 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. ஆண்டில்லாமல் தேர்வுப் பெயரை மட்டும் எழுதுவது, பழைய பேருந்து அட்டவணையை நிலையத்தில் தொங்கவிடுவது போன்றது.

தேர்வுகளின் பெயரையாவது எப்படியும் திருத்திக்கொள்ளலாம். நேராகச் செல்லும் அவ்வேணியில் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் படியொன்று கூடுதலாக உண்டு என்பதைத்தான் கட்டுரைகள் சொல்வதில்லை. தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறாண்டு முடித்து, மலாய்மொழியில் குறித்த தரம் எட்டாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்குச் செல்லுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும் என்பது நெடுங்கால ஏற்பாடு. 'ரிமூவ்' என்றே நம்மவர் சொல்வர். ஆறும் மூன்றும் இரண்டும் பதினொன்று என்று களஞ்சியம் கூட்டிக் காட்டுகிறது. நம் பிள்ளைகள் பலருக்கு அது பன்னிரண்டு. ஓராண்டு தள்ளிப்போவது பெரிய செய்தியா என்று கேட்பவர், வறிய வீட்டில் பிள்ளை ஒன்று வேலைக்குப் போகும் வயது எதுவென்று கணக்கிட்டுப் பார்த்ததில்லை போலும்.

1965-க்கு முன்போ நிலைமை இதனினும் கடிது. இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு என ஒன்று இருந்தது. அதில் தேறாத பிள்ளைக்கு ஆறாம் ஆண்டே கல்வியின் முடிவு. தோட்டத்துப் பிள்ளையாயின் அடுத்த நாள் பால்மரக் காட்டிற்குத்தான் போக வேண்டும். 1964-இல் அத்தேர்வு எடுக்கப்பட்டு, 1965 முதல் எல்லோரும் இடைநிலைக்குச் செல்லலாம் என்றாயிற்று. இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் தமிழ்ப் பிள்ளைக்கு மிகப் பெரிய மாற்றத்தைச் செய்த நடவடிக்கைகளுள் இதுவொன்று. ஆயினும் அறிக்கைகளின் பெயர்களைத் தவறாமல் சொல்லும் கட்டுரைகள் பல இதைக் குறிப்பதில்லை. அறிக்கைக்குத் தலைவர் பெயர் உண்டு, இதற்கு இல்லை என்பது காரணமாகலாம்.

'தமிழ்ப்பள்ளிகளில் எல்லாப் பாடங்களும் தமிழில் கற்பிக்கப்படுகின்றன' என்னும் தொடரையும் ஆராய வேண்டும். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடுவதென முடிவாயிற்று. 2012 முதல் பழைய நிலை மீண்டது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளிகள் அதில் சேரலாமா என்று நம்மிடையே கடும் வாதம் எழுந்தது. ஒரு வரியில் அடங்கும் செய்தியன்று இது. ஒரு வரிதான் இடமுண்டு என்றால் ஆண்டோடு கூடிய வரியாக இருத்தல் வேண்டும்.

இனி நிலத்திற்கு வருவோம். களஞ்சியக் கட்டுரையில் பள்ளிகள் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என இரண்டாகப் பிரிக்கப்படுவது வழக்கம். இப்பிரிவில் தமிழ்ப்பள்ளியை எங்கே வைப்பது? ஆசிரியர்க்குச் சம்பளம் அரசு தருகிறது. பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டம். பெயர் தேசிய வகைப் பள்ளி. ஆனால் அப்பள்ளி நிற்கும் நிலம் பல இடங்களில் தோட்ட நிறுவனத்துடையது, அல்லது கோயிலுடையது, அல்லது கிறித்துவத் திருச்சபையுடையது. நிலம் அரசுடையதாயின் முழு உதவி பெறும் பள்ளி. பிறருடையதாயின் பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியரும் பாடநூலும் இரண்டிலும் ஒன்றே. கட்டடம் எழுப்புவதிலும் பழுது பார்ப்பதிலும்தான் வேறுபாடு. கூரை ஒழுகும்போது யாரிடம் போவது என்பதை முடிவு செய்வது இந்த வேறுபாடே. பள்ளி மேலாளர் வாரியத்திலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ இருந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அயலூரிலிருந்து களஞ்சியத்தைப் புரட்டுபவர்க்கு இச்செய்தி கிடைக்கவே கிடைக்காது. அரசுப் பள்ளி என்று எழுதினாலும் தனியார் பள்ளி என்று எழுதினாலும் அஃது வழுவேயாகும்.

இந்நிலை எப்படி வந்தது என்பதற்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று அச்சட்டம் முதலாளியைப் பணித்தது. பள்ளி வந்தது, எத்தகைய பள்ளி? லயத்தில் ஓர் அறை, அல்லது ஆயாக் கொட்டகையின் ஒரு பக்கம்; ஆசிரியர் என்று கிராணியோ, எழுத்தறிந்த கங்காணியோ. கல்விச் சட்டத்தால் பிறக்காமல் கூலிச் சட்டத்தால் பிறந்த பள்ளிகள் இவை. அந்தப் பிறப்பு வேற்றுமைதான் இன்றும் நிலப் பட்டாவில் தெரிகிறது.

மக்கள் இதை ஏற்று வாளாவிருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். பின்னர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் விடுத்த கோரிக்கைகள் குறிப்பிடத்தக்கவை. கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றோடு, பிள்ளைகட்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. மலேசியக் கல்வி வரலாற்றைப் பார்ன்சு அறிக்கையிலிருந்து, அதாவது 1951-இலிருந்து, தொடங்கும் கட்டுரைகள் உண்டு. அதற்குப் பத்தாண்டு முன்பே பால்மரம் வெட்டியவர்கள் கல்வி கேட்டு வேலையை நிறுத்தினார்கள் என்பது தொழிலாளர் வரலாறு என்னும் தலைப்பில் தனியே கிடக்கிறது. இரண்டு தலைப்புகளையும் இணைப்பது களஞ்சியப் பதிப்பாசிரியரின் கடமை. 'காண்க' என்னும் குறிப்பு ஒன்று போதும்.

பள்ளிகளின் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லும். காப்பாரில் மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளி உண்டு. ஜாலான் ஆக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி உண்டு. முன்னது திருச்சபையின் முயற்சியையும் பின்னது தோட்டத்தையும் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சென்றால் விவேகானந்தர் பெயர். 'லாடாங்' என்னும் சொல் பட்டியல் முழுதும் திரும்பத் திரும்ப வரும். லாடாங் என்றால் தோட்டம். தோட்டம் எங்கே என்று தேடினால் பல இடங்களில் வீடமைப்புப் பகுதியும் தொழிற்சாலையும்தான் காணப்படும். நார்த் ஹம்மோக் தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்று செத்தியா ஆலாம் நகர்ப் பகுதியில் இயங்குகிறது. பெயரை மட்டும் பார்த்து 'தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை ரப்பர்த் தோட்டங்களில் உள்ளன' என்று ஒருவர் இன்று எழுதினால், அவர் பட்டியலைப் படித்தவர்; ஊரைப் பார்த்தவரல்லர்.

புள்ளி விவரங்களில் இத்தகைய ஏமாற்றம் இன்னும் மிகுதி. 1957-இல் தமிழ்ப்பள்ளிகள் 800-க்கு மேல் இருந்தன. 1970-இல் 650 அளவுக்கு இறங்கின. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 523. இவ்வளவோடு நிறுத்தினால் தமிழர் தம் பள்ளியைக் கைவிட்டனர் என்றுதான் எவரும் முடிவு கட்டுவர். மாணவர் தொகையையும் அருகில் வைத்துப் பாருங்கள். 1957-இல் ஏறத்தாழ 50,000. 1970-இல் ஏறத்தாழ 80,000. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், ஓராசிரியர் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதாலும் பள்ளிகள் குறைந்தன, பிள்ளைகள் பெருகினர். மாணவர் தொகை உண்மையிலேயே சரியத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். பள்ளிகளின் எண்ணிக்கையோ அப்போது சற்றே கூடியது. ஆக, முதலில் பள்ளி குறைந்து பிள்ளை கூடிற்று. பிறகு பள்ளி கூடிப் பிள்ளை குறைந்தது. ஒற்றை எண்ணைக் கொண்டு இதை எப்படி அறிவது? சராசரியும் உதவாது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று. 150 பிள்ளைகளுக்கும் குறைவான 'குறைந்த மாணவர் பள்ளி' என்னும் வகையில் அடங்குவனவோ மிகப் பல.

களஞ்சியத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் உரிமையை அமைச்சர்க்குத் தந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை. அதன் பின்னரும் தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு ஏற்றவையா என்னும் வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 2021-இல் உயர் நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. இவ்வழக்கில் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று என்ன? இப்பள்ளிகளைப் பொது அதிகார அமைப்பு என்று கொள்ளலாமா என்பது. களஞ்சியங்கள் பொருட்படுத்தாமல் கடந்துசெல்லும் அதே கேள்வியை நீதிபதிகள் நின்று ஆராய வேண்டியதாயிற்று.

மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் நம்மைச் சாராதவாறு, திருத்தத்திற்குத் திரும்புவோம். மலேசியக் கட்டுரைக்கு நாம் வேண்டுவது பக்கங்கள் அல்ல; ஐந்தாறு தொடர்கள். அவற்றிற்குரிய செய்திகள் தலைநகரத்து அலுவலகங்களில் மட்டும் இல்லை. ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும், ஆண்டு விழா மலரிலும், இடமாற்றத்தின்போது எழுதிய கடிதக் கட்டுகளிலும் கிடக்கின்றன. பள்ளி தொடங்கிய ஆண்டு, நிலம் யாருடையது, தோட்டம் மூடிய ஆண்டு, பள்ளி இடம் பெயர்ந்த ஆண்டு, புகுமுக வகுப்புக்குச் சென்றோர் தொகை. ஒரு வட்டாரத்து ஆசிரியர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் இவற்றைத் தொகுத்துவிடலாம். தொகுத்ததை அப்படியே அச்சிடாமல், எதிலிருந்து எடுத்தோம் என்பதை ஒவ்வொன்றுக்கும் குறித்து வைத்தால் பின்வருவோர் சரிபார்க்க இயலும். ஆண்டு விழா மலர்களிலும் தொடக்க ஆண்டு ஒன்றுக்கொன்று மாறுகொளக் கூறுவதுண்டு. பதிவேட்டையே முதற் சான்றாகக் கொள்ள வேண்டும்.

கட்டுரையின் தொடக்கத் தொடர் இவ்வாறு அமையலாம்: 'மலேசியாவில் தொடக்கக் கல்வி மலாய், சீனம், தமிழ் ஆகிய மூன்று மொழிவழிப் பள்ளிகளில் அளிக்கப்படுகிறது; அரசின் இடைநிலைக் கல்வி 1982 முதல் மலாய்மொழி வழியே நடைபெறுகிறது; ஆதலின் தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்குப் பின் பயிற்றுமொழியை மாற்றிக்கொள்கின்றனர்.' தாய்லாந்துக் கட்டுரைக்கோ, 'தாய்மொழி' என்று வரும் இடந்தோறும் நின்று, எவருடைய தாயின் மொழி என்று கேட்டுப் பிரித்தெழுதினாலே பாதித் திருத்தம் முடிந்துவிடும்.